'பாரோ' என்றால் வாங்குவதா, கொடுப்பதா? ஒரு சொல்லுக்குள் நிற்கும் பிணையாளர்

தமிழ்ப்பள்ளி, தேசியப் பள்ளி, சீனப்பள்ளி என எந்த வகுப்பறைக்குப் போனாலும் ஆங்கிலப் பாட வேளையில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும். "கேன் யூ பாரோ மீ யுவர் பென்சில்?" கேட்ட மாணவருக்குப் பென்சில் கிடைத்துவிடும். கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியருக்குத்தான் மனம் ஆறாது. "பாரோ இல்லை, லெண்ட்!" என்று திருத்துவார். மறுநாள் அதே வாக்கியம் மீண்டும் வரும்.

பிள்ளைகள் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. அலுவலகத்தில், பட்டறையில், சாப்பாட்டுக் கடையில் பெரியவர்களும் "பாரோ மீ டென் ரிங்கிட்" என்கிறார்கள். கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் குழப்பம் வருவதில்லை. யார் கையில் பணம் இருக்கிறது, யார் கை நீளுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்போது வினைச்சொல் தவறினாலும் காரியம் நடந்துவிடும்.

ஆள் எதிரில் இல்லாமல் எழுத்து மட்டும் இருக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. தேர்வுத் தாளில் அந்தத் தவறு ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும். கடன் பத்திரத்தில் அப்படிப் போவதில்லை. யார் கொடுப்பவர், யார் வாங்குபவர், யார் இருவருக்கும் நடுவில் நின்று கையெழுத்துப் போட்டவர் என்பதைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் பேனாவை எடுத்தவர்கள் நம் சமூகத்தில் நிறையப் பேர். எந்த உறவினர் கூட்டத்தில் கேட்டாலும் அப்படி ஒரு கதை கிடைக்கும்.

இந்தப் பழகிய சொல்லின் பழைய வரலாற்றைத் தோண்டினால் அங்கேயும் அந்த மூன்றாவது ஆள்தான் நிற்கிறார்.

ஒரே சொல், இரண்டு திசை

முதலில் ஆங்கில விதி. 'பாரோ' என்றால் திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்கிக்கொள்வது. 'லெண்ட்' என்றால் திரும்ப வரும் என்ற எண்ணத்தோடு கொடுப்பது. நூலகம் 'லெண்ட்' செய்கிறது, நாம் 'பாரோ' செய்கிறோம். ஒரே நிகழ்ச்சிதான், நிற்கும் இடம் வேறு. வாங்கு, கொடு என்று தமிழில் சொல்வதைப் போலத்தான். "எனக்குக் கொஞ்சம் பணம் வாங்கு" என்று நண்பரிடம் கேட்டால் எவ்வளவு விநோதமாக இருக்குமோ, ஆங்கிலேயர் காதுக்கு 'பாரோ மீ' அவ்வளவு விநோதமாக இருக்கிறது.

இவ்வளவு எளிய வேறுபாடு ஏன் நம் நாட்டில் மட்டும் வழுக்குகிறது? பிள்ளைகளின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையான காரணம் நம்மைச் சுற்றியுள்ள மொழிகளில் இருக்கிறது.

மலாய் மொழியில் வேர்ச்சொல் ஒன்றே: 'பிஞ்சாம்'. அதோடு 'மெ' என்ற முன்னொட்டு சேர்ந்து 'மெமிஞ்சாம்' ஆனால் கடன் வாங்குவது. கடைசியில் 'கான்' என்ற பின்னொட்டும் சேர்ந்து 'மெமிஞ்சாம்கான்' ஆனால் கடன் கொடுப்பது. திசையைக் காட்டும் பொறுப்பு முழுவதும் அந்தச் சின்னப் பின்னொட்டின் தலையில். அன்றாடப் பேச்சில் முதலில் உதிர்வதும் இத்தகைய ஒட்டுகள்தான். மிஞ்சுவது வெறும் 'பிஞ்சாம்'. கொடுப்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டுமென்றால் 'பகி பிஞ்சாம்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கொடு கடன்'.

மாண்டரின் மொழியிலும் 'ஜியே' என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. யாருக்கு, யாரிடமிருந்து என்பதை அதன் அருகில் வரும் சொற்கள் காட்டிக்கொடுக்கும். ஆக, ஒரு மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் தங்கள் வீட்டு மொழியை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசினால் 'பாரோ' என்ற ஒன்றே இரண்டுக்கும் போதும் என்று தோன்றுவது இயல்பு. அவர்களோடு திடலில் விளையாடும் தமிழ்ப் பிள்ளைக்கும் அதுவே தொற்றிக்கொள்கிறது.

தமிழ் மட்டும் என்ன செய்கிறது? கடன், இரவல் என்ற பெயர்ச்சொற்களை நடுவில் வைத்துவிட்டு, திசையைப் பக்கத்து வினைச்சொல்லிடம் ஒப்படைக்கிறது. கடன் வாங்கினான், கடன் கொடுத்தான். இரவல் வாங்கினாள், இரவல் கொடுத்தாள். இங்கே தடுமாற வழியே இல்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு 'பாரோ' என்பதை 'இரவல் வாங்கு' என்றும், 'லெண்ட்' என்பதை 'இரவல் கொடு' என்றும் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். 'பாரோ = கடன்' என்று மட்டும் சொற்பட்டியலில் எழுதிப் போடுவதால்தான் திசை காணாமல் போகிறது.

இரண்டு சொற்களோடும் சேரும் இடைச்சொற்களும் உதவிக்கு வரும். 'பாரோ' வந்தால் பின்னால் 'ஃப்ரம்' வரும், யாரிடமிருந்து என்று சொல்ல. 'லெண்ட்' வந்தால் 'டு' வரும், யாருக்கு என்று சொல்ல. 'பாரோ'வுக்கும் பொருளுக்கும் நடுவில் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது தவறு என்று பிடித்துக்கொள்ளலாம்.

பயன்பாட்டில் வேறு சில நுணுக்கங்களும் உண்டு. விருந்தினராகப் போன வீட்டில் "மே ஐ பாரோ யுவர் டாய்லெட்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கழிவறையைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பித் தர முடியாது என்பதால் ஆங்கிலத்தில் அங்கே 'யூஸ்' என்பதே பொருத்தம். இதுவும் மலாய்ச் செல்வாக்குதான். மலாயில் இதற்கு 'தும்பாங்' என்ற அருமையான சொல் இருக்கிறது. பிறர் வண்டியில் ஏறிக்கொள்வது, பிறர் வீட்டில் ஒதுங்குவது, வழி கேட்பது என எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நம் தமிழ்ப் பேச்சுக்குள்ளும் நுழைந்துவிட்ட அந்தச் சொல்லுக்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒரே சொல்லைத் தேடினால் கிடைக்காது.

பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்குவதும் ஆங்கிலத்தில் 'பாரோ'தான். அதே சர்க்கரை திரும்பி வரப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். தமிழ் இதில் கொஞ்சம் நுட்பமானது. புத்தகமோ நகையோ, வாங்கிய பொருளே திரும்பி வருமென்றால் இரவல். வட்டி இல்லாமல் நாலு நாளில் திருப்பும் பணம் என்றால் கைமாற்று. வட்டியோடு என்றால் கடன். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'பாரோ' ஒன்றே.

கணக்குப் பாடத்தில் வரும் 'பாரோ' தனி வகை. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும்போது பத்து இடத்திலிருந்து ஒன்றை எடுத்து ஒன்று இடத்துக்குக் கொடுப்போம். கடன் வாங்கிக் கழித்தல் என்று தமிழிலும் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கடனை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் அப்படித்தான்

'பாரோ மீ' என்று கேட்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் 'போர்கியன்'. அதற்குக் கடன் வாங்குதல், கடன் கொடுத்தல் என்ற இரண்டு பொருளும் இருந்தன. இன்றைக்கும் ஆங்கிலத்தின் உறவு மொழிகள் அப்படியே இருக்கின்றன. ஜெர்மன் மொழியின் 'போர்கென்' இரண்டு திசையிலும் போகும். டச்சு மொழியின் 'லேனென்' என்பதும் அவ்வாறே. ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் சில வட்டார வழக்குகளில் 'பாரோ' என்பது கொடுப்பதைக் குறிக்கும் என்று அகராதிகள் பதிவு செய்துள்ளன. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஜெர்மானிய, ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் வாழ்ந்த ஊர்களில் நம் பிள்ளைகளின் 'பாரோ மீ' அப்படியே கேட்டதுண்டு.

பொது ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் பிரிந்து நின்றுவிட்டன என்பதால் தேர்விலும் கடிதத்திலும் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால், 'பாரோ மீ' அறியாமையில் பிறந்த சொற்றொடர் என்ற ஏளனத்துக்கு வரலாற்றில் இடமில்லை.

'லெண்ட்' என்பதற்கும் ஒரு சிறு கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் அது 'லேனன்'. அதில் 'ட்' ஓசை கிடையாது. இறந்தகால வடிவத்தில் இருந்த ஓசை மெல்ல நிகழ்காலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. 'லோன்' என்ற பெயர்ச்சொல் வடக்கத்திய கடலோடிகளின் நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. இரண்டுக்கும் அடியில் 'விட்டுச் செல்' என்ற பொருள் கொண்ட பழைய வேர் இருக்கிறது. கிரேக்கத்தில் அதே வேரிலிருந்து பிறந்த சொல்தான் 'எக்லிப்ஸ்', ஒளி நம்மை விட்டுப்போகும் கிரகணம்.

அடியில் இருப்பது பணம் அல்ல

'போர்கியன்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் கதை சுவையாகிறது. அதன் பெயர்ச்சொல் 'போர்ஹ்'. பொருள்: பிணை, அல்லது பிணை நிற்கும் ஆள். பணம் என்ற பொருளே அதில் இல்லை. காத்தல் என்ற பொருளுடைய 'பெயோர்கன்' என்ற வினையோடு அதற்கு உறவு உண்டு. கோட்டை சூழ்ந்த ஊரைக் குறிக்கும் 'பர்க்', 'பரோ' போன்ற சொற்களையும் இதே குடும்பத்தில் வைப்பார்கள். ஹாம்பர்க், எடின்பர்க் என்று ஊர்ப் பெயர்களின் கடைசியில் நிற்பது அதுதான். ஜெர்மன் மொழியில் 'பியூர்கெ' என்றால் இன்றைக்கும் பிணையாளர். டச்சு மொழியில் 'போர்க்' என்றால் பிணைத்தொகை.

ஆக, 'பாரோ' என்பதன் முதல் பொருள் ஏறக்குறைய இதுதான்: ஓர் ஆளையோ பொருளையோ பிணையாக வைத்துக் காரியம் நடத்துவது. பிணை இல்லாமல் கடன் இல்லை என்பதால், பிணையைக் குறித்த சொல் காலப்போக்கில் கடனையே குறிக்கத் தொடங்கிவிட்டது. பாத்திரத்தின் பெயர் உள்ளே இருக்கும் பண்டத்துக்கு வந்த மாதிரி.

அந்தக் கால இங்கிலாந்தில் பிணை என்பது பணத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 12 வயதைக் கடந்த ஆண்கள் பத்துப் பத்துப் பேராகக் குழுக்களில் சேர்க்கப்பட்டார்கள். குழுவில் ஒருவன் குற்றம் செய்து ஓடிப்போனால் அவனைப் பிடித்து நிறுத்துவது மற்றவர்கள் பொறுப்பு. முடியாவிட்டால் அவர்கள் தண்டம் கட்ட வேண்டும். 'ஃப்ரித்போர்ஹ்' என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். அமைதிப் பிணை என்று சொல்லலாம். பின்னாளில் வந்த நார்மானிய எழுத்தர்கள் முதல் பாதியைத் தவறாகப் புரிந்துகொண்டு 'சுதந்திரப் பிணை' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். வரலாற்று நூல்களில் இன்றும் அந்தத் தவறான பெயரே 'ஃப்ராங்க்பிளெட்ஜ்' என நிலைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் சறுக்குவது பத்திரிகை அலுவலகங்களின் நோய் மட்டும் அல்ல போலிருக்கிறது.

1400-இல் மறைந்த கவிஞர் சாசர் காலத்தில்கூட, புனிதர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் எனக்கு 'பாரோ' என்று சத்தியம் செய்யும் வழக்கம் இருந்தது. அந்தப் புனிதரே என் பிணை என்று பொருள். அதைப் படிக்கும் இன்றைய மாணவர், புனிதரிடம் எதைக் கடன் வாங்கினார்கள் என்று விழிப்பார்.

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் இந்தச் சொல்லை வைத்து ஒரு கேலி வரும். தன்னைப் பெண் கேட்டு வந்த கூட்டத்தை நாயகி போர்ஷியா ஒவ்வொருவராகக் கிண்டல் செய்கிறாள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர், ஆங்கிலேயரிடம் ஓர் அறையைக் கடனாக வாங்கினாராம். வசதி வரும்போது திருப்பித் தருவதாகச் சத்தியமும் செய்தாராம். அதற்குப் பிரெஞ்சுக்காரர் பிணை நின்றாராம். அறை வாங்கியதற்கும் ஒரு பிணையாளர்! அன்றைய பார்வையாளர்கள் சிரித்திருப்பார்கள், ஏனென்றால் கடன் என்றதும் பிணையாளர் என்ற எண்ணம் அவர்களுக்கு உடனே வரும்.

அந்த நாடகத்தின் மையக் கதையும் இதுதான். பணம் தேவைப்பட்டது பசானியோவுக்கு. பத்திரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டது நண்பன் அந்தோனியோ. 3,000 டுக்காட், மூன்று மாதத் தவணை. தவறினால் ஒரு பவுண்டு சதை. நாடகம் என்றால் போர்ஷியா வழக்கறிஞர் வேடத்தில் வந்து காப்பாற்றுவாள்.

தமிழ் வைத்திருக்கும் கணக்கு

கொடுக்கல் வாங்கலில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் தமிழ் இலக்கணம் எவ்வளவு கவனமாக இருந்தது என்பதைத் தொல்காப்பியம் காட்டுகிறது. ஒன்றைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என்று மூன்று சொற்கள். கேட்பவர் தாழ்ந்தவர் என்றால் 'ஈ' என்பார், ஒத்தவர் என்றால் 'தா' என்பார், உயர்ந்தவர் என்றால் 'கொடு' என்பார் என்று சொல்லதிகாரம் வகுக்கிறது. கேட்கும் சொல்லிலேயே கேட்பவரின் நிலை வெளிப்பட்டுவிடும்.

அதோடு நிற்கவில்லை. 'தரு' என்பது எனக்கு, உனக்கு என்ற இடங்களுக்கு உரியது என்றும், 'கொடு' என்பது அவனுக்கு, அவளுக்கு என்ற இடத்துக்கு உரியது என்றும் அதே சொல்லதிகாரம் கூறுகிறது. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. தமிழில் நாம் 'எனக்குக் குடு' என்று பேசி அதைத் தொலைத்துவிட்டோம். மொழிகள் இப்படி ஒரு வேறுபாட்டைக் கைவிடுவதும் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம்தான். ஆங்கிலம் 'பாரோ'வையும் 'லெண்ட்'டையும் பிரித்துக்கொண்டது போல.

'கடன்' என்ற சொல்லுக்கும் பணம் பிற்காலப் பொருள்தான். சங்கப் பாடல்களில் கடன் என்றால் கடமை. பெற்றோர் கடன், அரசன் கடன் என்று படிக்கும்போது அங்கே வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. ஆங்கிலத்திலும் அதே முடிச்சு இருக்கிறது. கடன்பட்டிருப்பதைக் குறிக்கும் 'ஓ' என்ற வினைச்சொல்லின் பழைய இறந்தகாலம்தான், செய்ய வேண்டிய கடமையைக் குறிக்கும் 'ஆட்' என்ற துணைவினை. இன்னும் பின்னால் போனால், அந்த 'ஓ' என்பதற்கே 'சொந்தமாக வைத்திரு' என்பதுதான் முதல் பொருள். வைத்திருப்பது, திருப்பித் தர வேண்டியிருப்பது, செய்தாக வேண்டியது மூன்றும் ஒரே வேரில் கிடக்கின்றன. சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளின் சுவரில் வட்டி முதலைகள் சாயத்தால் கிறுக்கும் எழுத்துகளின் முதல் வினை இதே 'ஓ'தான். பட்ட கடனைக் கட்டு என்ற மிரட்டல் அது.

பிணை என்ற சொல்லைப் பாருங்கள். பிணைத்தல் என்றால் கட்டுதல். இரண்டு மாட்டைப் பிணைப்பது போல, ஒருவரின் கடனோடு இன்னொருவரைச் சேர்த்துக் கட்டுவதுதான் பிணை. ஆங்கிலத்தின் 'பாண்ட்' என்பதும் கட்டு என்ற பொருளில் பிறந்ததே. நாம் பேச்சில் சொல்லும் 'ஜாமீன்' அரபு மொழியின் 'தாமின்' என்பதிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. அதே அரபுச் சொல் வேறு வழியாகக் கப்பலேறி மலாயில் 'ஜாமின்' ஆனது. வங்கிப் படிவத்தில் அச்சாகியிருக்கும் 'பென்ஜாமின்', அதாவது பிணையாளர், நம் ஊர் ஜாமீன்தாரருக்கு ஒருவழியில் உறவுக்காரர்.

மலாய் வணிகச் சொற்களில் தமிழின் பங்கும் உண்டு. முதலீட்டைக் குறிக்கும் 'மொடல்' நம்முடைய 'முதல்'. 'கெடாய்' நம்முடைய 'கடை'. கோலாலம்பூர் லெபோ அம்பாங் வட்டாரத்தில் செட்டியார்கள் கிட்டங்கி அமைத்து வட்டித் தொழில் நடத்திய காலத்தை நினைத்தால் இதில் வியப்பில்லை. இப்படி ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும் சொற்களையும் 'கடன்சொல்' என்றுதான் அழைக்கிறோம். கணக்குப் பாடத்துக் கடனைப் போலவே இதையும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கையெழுத்துப் போடும் இடம்

முன்பெல்லாம் மளிகைக் கடைக் கடன் '555' என்று அட்டையில் அச்சிட்ட சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டது. கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. இன்று காடி வாங்கவும், வீடு வாங்கவும், பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பவும் மூன்றாவது ஆள் தேவைப்படுகிறார். "மாமா, ஒரு சைன் மட்டும்தான், வேற ஒண்ணும் இல்ல" என்ற வேண்டுகோள் பல வீடுகளில் கேட்ட குரல். 'சைன் மட்டும்தான்' என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

மலாய்ப் படிவத்தில் இரண்டு சொற்களைப் பிரித்தறியப் பழக வேண்டும். 'பெமிஞ்சாம்' என்றால் கடன் வாங்குபவர். 'பென்ஜாமின்' என்றால் பிணையாளர். ஓசையிலும் எழுத்திலும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். இன்னோர் இணை 'பெங்ஹுத்தாங்', 'பெமியுத்தாங்'. முதலாவது கடன்பட்டவர், இரண்டாவது கடன் கொடுத்தவர். ஆங்கிலப் படிவமாக இருந்தால் 'பாரோவர்', 'லெண்டர்', 'கேரன்டர்' என்று மூன்று பெயர்கள் வரும். 'சூரிட்டி' என்று எழுதியிருந்தாலும் அது பிணையாளரைத்தான் குறிக்கும். தம் பெயர் இவற்றில் எதற்கு நேரே அச்சாகியிருக்கிறது என்பதைப் பார்ப்பதுதான் முதல் வேலை. பிணை நிற்பதாக நினைத்துக்கொண்டு, கூட்டாகக் கடன் வாங்குபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிணையாளருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பைக் கோருவது கடினம்.

மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. 'அவரிடம் முதலில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்' என்று பிணையாளர் சொல்ல முடியும் என்பது பலரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் பொதுவான ஆதாரம் இல்லை. தவணை தவறியதும் பிணையாளரிடமே நேராக வர நிதி நிறுவனத்துக்கு உரிமை உண்டு. கட்டித் தீர்த்த பிணையாளர் அந்தப் பணத்தைக் கடனாளியிடமிருந்து கேட்டுப் பெறலாம். ஆனால் காணாமல் போனவரை எங்கே தேடுவது?

திவால் விவகாரத்தில் 2017-இல் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 6-ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, 'சமூகப் பிணையாளர்' என்ற பிரிவினர் மீது திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. இலாப நோக்கமின்றி ஒருவரின் கல்விக் கடனுக்கு, சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனத் தவணைக் கடனுக்கு, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடனுக்குப் பிணை நின்றவர்கள் இந்தப் பிரிவில் வருவார்கள். மற்ற வகைப் பிணையாளர்கள் என்றால், கடனாளியிடமிருந்து பணத்தை மீட்க எல்லா வழிகளையும் முயன்று பார்த்த பிறகு, நீதிமன்ற அனுமதியோடுதான் அவர்கள் மீது திவால் நடவடிக்கை தொடர முடியும்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. திவாலாக்க முடியாது என்றால் கடனே இல்லை என்று பொருள் அல்ல. சமூகப் பிணையாளர் மீதும் வழக்குத் தொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தவிர, நண்பரின் வியாபாரத்துக்காக எடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர் சமூகப் பிணையாளர் என்ற பிரிவுக்குள் வரமாட்டார். எந்த வகைக் கடன் என்பதும் படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

உரிமம் பெற்ற கடன் நிறுவனங்களிடம் போனால் வட்டிக்கு வரம்பு உண்டு. 1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டத்தின் கீழ், அடமானம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானம் இல்லாத கடனுக்கு 18 விழுக்காடு. அதற்கு மேல் கேட்பவர் எந்த மொழியில் பேசினாலும் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்.

படிவம் கைக்கு வந்ததும் வீட்டில் படித்த பிள்ளை ஒருவரை அழைத்து, "இதுல என் பேரு 'பெமிஞ்சாம்' கிட்ட இருக்கா, 'பென்ஜாமின்' கிட்ட இருக்கா?" என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் அவசியம். அதை இரவலாகக்கூட யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது.